குப்பைக்குக் கணக்கெழுதும் தம்பி தங்கையருக்கு

லிந்துலையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் உள்ள பாடசாலைகளில், சுற்றாடல் முன்னோடிப் படையணி என்ற பெயராலோ, பெயர் ஒன்றும் இல்லாமல் தாமாகக் கூடியோ, வகுப்பறைக் கழிவைப் பிரித்துச் சேர்த்து மீள்சுழற்சிக்கு அனுப்பும் பணியை மேற்கொண்டிருக்கும் மாணவ மாணவியருக்கு,



நீங்கள் செய்துவருகிற காரியத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், பெரியவர்கள் 'பிள்ளைகள் நல்ல பழக்கம் கற்றுக்கொள்கிறார்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அப்பால் போய்விடுவதை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பாராட்டிலே குற்றம் ஒன்றும் இல்லை. ஆயினும், பல் துலக்குவதையும் நகம் வெட்டுவதையும் போல இதனையும் ஒரு பழக்கமாகக் கருதிவிட்டால், இது எத்தகைய விஷயம் என்பதும், இவ்வளவு பெரிய வேலை எப்படி உங்கள் தலைமேல் வந்து விழுந்தது என்பதும் கேட்கப்படாமலே போய்விடும். அவ்விரண்டையும் உங்களோடு சேர்ந்து யோசிக்க வேண்டும் என்பதே இம்மடலின் நோக்கம். உங்களுக்கு எழுதுகிறேனாயினும், உங்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து அதிபர்களும், தோட்ட நிர்வாகத்தாரும், சபை உறுப்பினர்களும் இதைப் படிப்பார்களேல் அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கொழும்பிலே ஒரு குடும்பத்தார் தம் வீட்டுக் குப்பையைப் பையிலே கட்டி வாசலில் வைத்தால், மறுநாளோ மூன்றாம் நாளோ வண்டி வந்து அதை எடுத்துச் செல்கிறது. எங்கே கொண்டுபோகிறார்கள் என்று கேட்கவேண்டிய நிர்ப்பந்தம் அவர்களுக்கு இல்லை. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, மீதொட்டமுல்லையிலே மலைபோலக் குவிந்திருந்த நகரத்துக் குப்பை சரிந்து அயலிலிருந்த வீடுகளை மூடி, முப்பதுக்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டபோதுதான், அந்தக் கேள்வியைக் கேட்காதிருந்தவர்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள். நமது நிலைமை வேறு. தலவாக்கலை–லிந்துலை நகரசபையின் வண்டி கடைவீதியை எட்டும், வீதியோரத்து வீடுகளையும் எட்டும். மேட்டு லயத்துக்கும் பணிய லயத்துக்கும் எந்த வண்டி வந்தது? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், தோட்டங்களுக்குள்ளே சபையின் பணத்தைச் செலவிட்டு வீதி போடவோ குப்பை அள்ளவோ இடங்கொடாத வகையில் எழுதப்பட்டிருந்தது என்பதும், அதன் 33ஆம் பிரிவு 2018ஆம் ஆண்டிலேதான் திருத்தப்பட்டது என்பதும் உங்கள் குடியியற் பாடப் புத்தகத்தில் எழுதப்பட வேண்டிய சங்கதிகள். பல ஆண்டுகளாக நம் ஜனங்கள் அந்தச் சபைகளுக்கு வாக்களித்துத் தலைவர்களைத் தெரிந்தெடுத்தார்கள். அந்தத் தலைவர்களோ, தமக்கு வாக்களித்த லயத்தின் முன்னால் ஒரு குப்பைத் தொட்டியை வைக்கவும் சட்டப்படி அதிகாரம் அற்றவர்களாய் இருந்தார்கள். சட்டம் திருந்திய அன்றே வண்டியும் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சட்டத்துக்குத் திருத்தம் போதும், வண்டிக்கு டீசலும் சாரதியும் வேண்டும்.

ஆகவே தோட்டத்துக் குப்பைக்கு மூன்று கதிதான் இருந்தது. அடுப்பிலே போவது ஒன்று. லயத்துக்குப் பின்னாலுள்ள பள்ளத்திலே கிடப்பது ஒன்று. கானிலே விழுவது ஒன்று. அடுப்பிலே போவது மிகவும் கொடியது. ஈர விறகைப் பற்றவைக்க ஒரு பொலித்தீன் பையைக் கொளுத்திச் செருகுவதை நம்மில் எத்தனையோ பேர் பார்த்து வளர்ந்திருக்கிறோம். புகைபோக்கி செம்மையாய் இல்லாத ஒற்றைக் காம்பராவிலே, தாயும் கைக்குழந்தையும் அந்தப் புகையைச் சுவாசித்துக்கொண்டு கிடக்கிறார்கள். திறந்த வெளியிலே பிளாஸ்டிக் முதலானவற்றை எரிப்பது 2017 செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து நாட்டின் சட்டப்படி குற்றம். ஆனால் எடுத்துச் செல்ல ஒருவரும் வராத இடத்திலே எரிக்காதே என்று மாத்திரம் சொல்லுகிற சட்டம் அரைச் சட்டம் என்பது என் அபிப்பிராயம்.

கானிலே விழுந்தது என்னவாகிறது என்பதை, பூகோளப் பாடத்திலே ஆர்வமுள்ள பிள்ளைகள் விரலால் வரைபடத்தில் தொடர்ந்து பார்க்கலாம். தென்மேற்குப் பருவமழை இறங்குகிற ஆனி ஆடி மாதங்களில், தேயிலை மலைகளின் குறுக்குக் கான்களெல்லாம் நிரம்பி ஓடைக்கு வர, ஓடை ஆக்ரா ஓயாவுக்கு வர, அது கொத்மலை ஓயாவாய்த் தலவாக்கலையை அடையும் இடத்தில், 2012ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மேல் கொத்மலை அணைக்கட்டு அதனை மறித்து நிற்கிறது. நூற்றைம்பது மெகாவாட் மின்சாரத்துக்கென்று கட்டிய அந்த நீர்த்தேக்கத்தை நீங்கள் பஸ்ஸிலே போகும்போதெல்லாம் பார்க்கிறீர்கள். அதைத் தாண்டியது கொத்மலை நீர்த்தேக்கத்துக்கும், பின் மகாவலிக்கும் போகிறது. பேராதனையைச் சுற்றி, கண்டியைத் தொட்டு, விக்டோரியா அணையைக் கடந்து, மகியங்கனைச் சமவெளியில் இறங்கி, மூதூருக்கருகே கொட்டியாரக் குடாவிலே கடலோடு கலக்கிறது. 335 கிலோமீற்றர் நீளமான நதியின் தலைமாட்டிலே குடியிருக்கிறவர்கள் நாம். நம்முடைய பாடசாலை மதிலுக்கு வெளியே எறியப்பட்ட மிக்சர் பக்கற்றைக் கண்டியார் குடிக்கிற தண்ணீரிலிருந்தும், மூதூர்க் கமக்காரன் வயலுக்குப் பாய்ச்சுகிற தண்ணீரிலிருந்தும் பிரிக்கிற வேலி வேறு எங்கும் கிடையாது. அந்த மதிலோரத்தில் நிற்கிற நீங்கள்தான் வேலி.

உங்கள் பாட்டன் பாட்டிமாருக்கு மீள்சுழற்சி என்ற வார்த்தை தெரியாது. ஆனால் அவர்கள் காலத்து லயத்திலே எறியப்பட்ட பொருள் ஒன்றைக் காண்பது அபூர்வம். தேயிலை அனுப்பும் பலகைப் பெட்டி அலுமாரியாயிற்று. அதன் உட்புறத்து ஈயத்தாள் கோயில் திருவிழாவிலே தேர்ச் சோடனையாயிற்று. மா வந்த சாக்கு சட்டையாகவும், பிறகு தலையணை உறையாகவும், பிறகு அடுப்படித் துணியாகவும் மூன்று பிறவி எடுத்தது. மண்ணெண்ணெய்த் தகரம் பீலித் தண்ணீர் சுமந்தது. கவ்வாத்து மலையில் விழுந்த மாரெல்லாம் விறகாயிற்று. சோறு வடித்த கஞ்சியிலிருந்து பூசணித் தோல் வரையில் மாட்டுக்கும் மரக்கறிப் பாத்திக்கும் போய்ச் சேர்ந்தது. இதைச் சொல்லி, பழைய காலம் பொற்காலம் என்று நான் பாடப் போவதில்லை. அது வறுமை கற்பித்த சிக்கனம். மாச்சாக்குச் சட்டை போட்ட பிள்ளை அதை விரும்பிப் போடவில்லை. ஆயினும், ஒரு பொருளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஆயுள் உண்டு என்ற ஞானம் நமது வீடுகளிலே ஏற்கெனவே குடியிருந்தது என்பதை நீங்கள் மறக்கலாகாது. தேசாந்தரத்திலிருந்து இறக்குமதி செய்த புதிய தத்துவம் ஒன்றை நீங்கள் பரப்பிக்கொண்டிருப்பதாக யாராவது சொன்னால், பாட்டியை அழைத்து வந்து சாட்சி சொல்லச் சொல்லுங்கள்.

அந்த ஞானத்தைத் தோற்கடித்தது நம்முடைய சோம்பல் என்று சொல்லுகிறவர்களோடு நான் உடன்படமாட்டேன். பொருளே மாறிவிட்டது. சாக்கு உக்கும், பலகை எரியும், தகரம் துருப்பிடித்து மண்ணாகும். ஷாம்பூப் பக்கற் இவற்றில் ஒன்றையும் செய்யாது. அதை ஏன் நமது ஜனங்கள் அதிகம் வாங்கினார்கள்? நாட்சம்பளக்காரன் போத்தலாக வாங்க முடியாமல் பக்கற்றாக வாங்குகிறான். கிராமுக்குக் கிராம் கணக்குப் பார்த்தால் அநேகமாய் வசதியுள்ளவனைவிட அதிக விலையும் கொடுக்கிறான். போதாக்குறைக்கு அந்தப் பக்கற்றின் சவத்தையும் அவன் வாசலிலேதான் விட்டுப் போகிறார்கள். உணவுக்கும் மருந்துக்கும் அல்லாத, இருபது மில்லிலீற்றருக்கோ இருபது கிராமுக்கோ மேற்படாத பிளாஸ்டிக் பக்கற்றுகளை 2021 மார்ச் முடிவிலே அரசாங்கம் தடை செய்தபோது, அது சுற்றாடல் காரியமாக மட்டும் பேசப்பட்டது. நம் தோட்டத்துக் கடைகளைப் பொறுத்தவரையில் அது கூலிக் காரியமும் ஆகும்.

இனி உங்கள் வேலைக்கு வருகிறேன். ஒரு வகுப்பின் ஒரு நாட் குப்பையை, ஓர் உரப்பையைக் கிழித்துத் தரையிலே விரித்து அதன்மேல் கொட்டிப் பாருங்கள். பாட மேசையிலிருந்து கற்க முடியாத பல சங்கதிகளை அது சொல்லித் தரும். முதலில் கண்ணிலே படுவது பிஸ்கற் உறை. வெளியே வர்ணப்படம், உள்ளே வெள்ளி மினுக்கம். பார்ப்பதற்கு ஒரே தாள் போலத் தோன்றினாலும், பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சுமாகப் பல படைகளை ஒன்றோடொன்று ஒட்டிச் செய்தது. பிரிக்க முடியாத காரணத்தினால் அதைப் பழைய சாமான் வாங்குகிறவர் தொடமாட்டார். அதற்கடுத்தது யோகட் கோப்பை. அதைக் கவிழ்த்து அடிப்புறத்தைப் பார்த்தால், மூன்று அம்புக்குறிகள் ஒன்றையொன்று துரத்துகிற முக்கோணமும் நடுவிலே ஓர் இலக்கமும் இருக்கும். தண்ணீர்ப் போத்தலின் அடியில் 1, பால் நிறமான கெட்டிப் போத்தலின் அடியில் 2, மென்மையான பைகளில் 4, சில கோப்பைகளில் 5, சிலவற்றில் 6. ஒன்றையும் இரண்டையும் வாங்க ஆள் உண்டு. ஆறை வாங்குகிறவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆதலால் 'பிளாஸ்டிக்' என்று எழுதிய ஒரே தொட்டியிலே எல்லாவற்றையும் போட்டு வைப்பது பிரித்ததாகாது. குப்பையை ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு இடமாற்றம் செய்ததாகும். அப்பால் ஐஸ் பக்கற்றின் சிறு குழாய்கள், மை தீர்ந்த பேனைகள், கிழிந்த கொப்பித் தாள்கள், பாதி கடித்த ரொட்டித் துண்டு, ஒரு வாழைப்பழத் தோல். கடைசியிலே, ஒருவரும் எதிர்பாராத வண்ணம், பகலுணவு சுற்றி வந்த பொலித்தீன் தாள், சம்பல் எண்ணெயோடு. இருபது மைக்கிரோனுக்குக் குறைந்த பொலித்தீனும் உணவு சுற்றும் அந்தத் தாளும் 2017 செப்டெம்பரிலேயே தடை செய்யப்பட்டவை. தடை செய்யப்பட்ட பொருள் தரம் ஆறு வகுப்பறைக்குள் எப்படி நுழைந்தது என்பது நல்லதொரு துப்பறியும் கதைக்குரிய விஷயம். அந்தப் பிள்ளையைக் கேட்டு வெட்கப்படுத்தாமல், அதை விற்ற கடையைக் கேட்கிற தைரியம் யாருக்கு இருக்கிறதென்று பார்க்கலாம்.

கொட்டியதைப் பார்த்ததும் போதாது. நிறுக்க வேண்டும், எழுதி வைக்க வேண்டும். நிறுவையின் அருமையை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உங்கள் தாய்மார் ஒவ்வொரு நாளும் கொழுந்தைச் சுமந்து வந்து தராசுக்கு முன்னால் நிற்கிறார்கள். தண்ணீருக்கென்று ஒரு கழிவு, சாக்குக்கென்று ஒரு கழிவு என்று குறைத்தெழுதப்படுகிற வேளையிலே, அந்த முள்ளையும் அந்தப் பேனையையும் மாறி மாறிப் பார்க்கிற அவர்களுடைய பார்வையை நீங்கள் அறிவீர்கள். கணக்கு யார் கையில் இருக்கிறதோ அவர் சொன்னதே நிறை என்பது மலையகத்திலே பிறந்த பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு வந்த கல்வி. ஆகையால் உங்கள் கணக்கை நீங்களே எழுதுங்கள். எந்த வகுப்பு, எந்த நாள், எந்த வகை, எத்தனை கிலோ, யார் எடுத்துச் சென்றார், என்ன கொடுத்தார் என்று ஒரு சி.ஆர். கொப்பியிலே கோடு போட்டு எழுதுங்கள். ஒரு தவணைக் கணக்கு கையிலிருந்தால், சிற்றுண்டிச்சாலையிலே எந்தப் பொருளை நிறுத்த வேண்டும் என்று அதிபருக்குச் சொல்ல உங்களுக்கு ஆதாரம் உண்டு. அது இல்லாவிட்டால், எவ்வளவு அழகாகப் பேசினாலும் பேச்சுப் போட்டியிலே பரிசு கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது.

கடதாசியைப் பற்றி ஒரு வார்த்தை. பாடசாலைக் கழிவிலே மிகவும் யோக்கியமான பொருள் அதுதான். நமது நாட்டிலே பழைய கொப்பித் தாள் ஒருபோதும் அநாதையாய்ப் போனதில்லை. அது கடைக்குப் போய்ப் பசை தடவிப் பையாகி, வடையைத் தாங்கி, அல்லது சுருளாகிக் கடலையைத் தாங்கி, எவனோ ஒரு மாணவன் பிழையாகப் போட்ட பின்னக் கணக்கை ரயிலிலே போகிற பிரயாணி ஒருவர் கடலை தின்றுகொண்டே திருத்துகிற வாய்ப்பை உண்டாக்கிவந்திருக்கிறது. மை பட்ட தாளிலே எண்ணெய்ப் பலகாரம் சுற்றுவது சுகாதாரத்துக்கு ஏற்றதன்று என்று வைத்தியர்கள் சொல்லுகிறபடியால், அந்த வழியை இப்போது நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனால் ஒருபுறம் எழுதிய தாளின் மறுபுறத்தைத் தைத்துக் கரட்டுக் கொப்பியாக்கலாம்; எஞ்சியதை நனையாமல் கட்டி வைத்தால் நிறைக்கு விற்கலாம். நனையாமல் என்பதே லிந்துலையில் பெரிய நிபந்தனை. ஒரு வாரத்து மூடுபனி ஒரு கட்டுக் கடதாசியைப் பூஞ்சணம் பிடிக்கவைத்துவிடும்.

இனி, சிலருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாடசாலைகளிலே மீள்சுழற்சி என்றால் கண்காட்சி என்று ஒரு கொள்கை வேரூன்றிவிட்டது. போத்தலை வெட்டிப் பூவும், யோகட் கோப்பையைக் கோத்து விளக்கும், ஸ்ட்ரோவைப் பின்னி மாலையும் செய்து, மேசை விரிப்பின்மேல் வைத்து, பிரதம விருந்தினர் நாடாவை வெட்டுகிறார். கைவேலை நன்றாயிருந்தால் நானும் பாராட்டுவேன். ஆனால், 'நாளைக்கு எல்லோரும் ஆளுக்கு இரண்டு போத்தல் கொண்டுவர வேண்டும்' என்று கட்டளை பிறந்தவுடன், வீட்டிலே போத்தல் இல்லாத தாய் கடைக்குப் போய்ச் சோடா வாங்கி, பிள்ளையைக் குடிக்கச் செய்து, வெறும் போத்தலைப் பாடசாலைக்கு அனுப்புகிறாள். குப்பையைக் குறைக்கும் விழாவுக்காகக் குப்பை விலைக்கு வாங்கப்படுகிறது! அடுத்த வாரம் அந்தப் பூக்களெல்லாம், இப்போது வர்ணமும் பசையும் ஏறியிருப்பதால் வாங்குவாரற்று, பின்கட்டுப் பள்ளத்தில் கிடக்கின்றன. படையணியின் பதக்கத்துக்கு இது உதவலாம்; ஆக்ரா ஓயாவுக்கு உதவாது.

இதனினும் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அதிலே சிறிது நேரம் நிற்க விரும்புகிறேன். பிந்தி வந்த பிள்ளைக்கும், வீட்டுவேலை செய்யாத பிள்ளைக்கும், வகுப்பிலே பேசிய பிள்ளைக்கும் 'போய் மைதானத்திலே குப்பை பொறுக்கு' என்று தண்டனை விதிப்பது நம் பாடசாலைகளில் நெடுங்கால வழக்கம். ஒரு காரியத்தைத் திங்கட்கிழமை தண்டனையாகவும் செவ்வாய்க்கிழமை சேவையாகவும் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் அதனை மனமுவந்து செய்யவேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வாறு பொருந்தும்? அன்றியும், தண்டனை எப்போதும் ஒரே பிள்ளைகளைத்தான் தேடிப் போகிறது. தூரத்து டிவிஷனிலிருந்து நடந்து வருகிற பிள்ளைதான் பிந்தி வருகிறது. வீட்டிலே வெளிச்சம் போதாத பிள்ளைதான் வீட்டுவேலை செய்யாமல் வருகிறது. தோட்டங்களிலே வாசல்கூட்டி என்ற ஒரு வேலையை இன்னார் குடும்பத்துக்கென்று ஒதுக்கி வைத்து, அவர்களைத் தனி லயத்திலே குடியிருத்திய சரித்திரமும் நமக்கு உண்டு. அதை நாம் மேடைகளில் பேசுவதில்லை. விளக்குமாறு யார் கைக்குப் போகிறது என்பதிலே அந்தச் சரித்திரத்தின் நிழல் விழாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. முறை வைத்துச் செய்யுங்கள்: மாணவத் தலைவரும், முதலாம் பிள்ளையும், அதிபருடைய மகனும், பெண்பிள்ளைகளைப் போலவே ஆண்பிள்ளைகளும், தம் தம் முறை வரும்போது கையுறை போட்டுக்கொண்டு அந்தச் சாக்குக்கு முன்னால் குந்த வேண்டும். ஆசிரியர்களும் ஒரு நாள் முறை எடுத்துக்கொள்வார்களாயின், குப்பை பொறுக்கும் தண்டனை அந்த வாரத்தோடு அந்தப் பாடசாலையை விட்டுப் போய்விடும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மற்ற இடங்களிலே என்ன நடந்தது என்று அறிவது உங்களுக்கு உற்சாகம் தரும். தேயிலைக்குப் பேர்பெற்ற அஸாம் மாநிலத்திலே, குவாஹாத்தி நகருக்கு அணித்தாயுள்ள பமோஹி என்ற ஊரில், 2016ஆம் ஆண்டு பர்மிதா சர்மா, மாஜின் முக்தார் என்னும் இருவர் அக்ஷர் என்ற பெயரால் ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். குளிர்காலத்தில் அவ்வூரார் காய்வதற்காக எரித்த பிளாஸ்டிக்கின் புகை வகுப்பறைக்குள் வந்து நிறைந்தது. அதைக் கண்ட அவர்கள், பணமாகச் சம்பளம் வேண்டாம், ஒவ்வொரு பிள்ளையும் வாரத்துக்கு இருபத்தைந்து பிளாஸ்டிக் துண்டுகளைக் கழுவிக் கொண்டுவந்தால் போதும், அதுவே பள்ளிச் சம்பளம் என்று விதித்தார்கள். வீட்டிலே எரிக்கமாட்டோம் என்ற வாக்குறுதியும் அதனோடு சேர்ந்து வந்தது. சேர்ந்ததைப் பிள்ளைகள் போத்தல்களிலே அடைத்துக் கல்லாக்கிக் கட்டட வேலைக்குப் பயன்படுத்தினார்கள். இதில் நான் மெச்சுவது அந்தக் கல்லை அன்று. போத்தலுக்குள் அடைத்த பக்கற் இன்னும் பக்கற்தான், மறைந்திருக்கிறதே தவிர மாறவில்லை. புகை நின்றதே, அதைத்தான் மெச்சுகிறேன். லயத்து அடுப்பிலே பொலித்தீன் போகாதபடி ஒரு பிள்ளை தன் தாயோடு உடன்படிக்கை செய்துகொண்டால், அது எந்தக் கண்காட்சியினும் பெரிது.

நமக்கு இன்னும் நெருங்கிய உறவினர் நீலகிரியிலே இருக்கிறார்கள். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தினால் இங்கிருந்து பெயர்த்து அனுப்பப்பட்ட நம்மவர்களில் பலர், அவர்களுக்கென 1968இல் தொடங்கப்பட்ட அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களிலே, கோத்தகிரியிலும் கூடலூரிலும் குன்னூரிலும் மறுபடியும் கொழுந்து கிள்ளினார்கள். அந்த மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டளவில் கலெக்டராயிருந்த சுப்ரியா சாகு என்னும் அம்மையார், பிளாஸ்டிக் பைகளை ஒழிக்கும் இயக்கம் ஒன்றைத் தொடங்கி, கடைக்காரரையும் பிரயாணிகளையும் பள்ளிப் பிள்ளைகளையும் அதில் சேர்த்துக்கொண்டார். மாநிலம் முழுவதுமே ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தது அதற்கு வெகுகாலத்துக்குப் பின், 2019 ஜனவரியிலேதான். மலைநாட்டார் முந்திக்கொண்டதற்குக் காரணம் எளிது: சமவெளியார் குப்பையை நிலத்திலே பரப்பி வைக்கலாம், மலையிலே வைத்தால் அது கீழே வந்தே தீரும். இங்கும் ஹோர்டன் சமவெளியின் வாயிலிலே காவலர்கள் பிரயாணிகளின் பைகளைத் திறந்து பொலித்தீனை வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுகிறார்கள். புற்றரைக்கும் மரைக்கும் கிடைத்த அந்த வாயிற்காவல் ஒரு பாடசாலைக்குக் கிடைக்கலாகாதா? உங்கள் வாயிலிலும் காலையிலே இரண்டு பிள்ளைகள் நிற்கலாம். பறித்துக்கொள்வதற்காக அன்று, என்ன உள்ளே வருகிறது என்று குறித்துக்கொள்வதற்காக.

எஞ்சிய ரொட்டிக்கும் பழத்தோலுக்கும் கூட்டிய இலைக்கும் பசளைக் குழிதான் வழி. நாலாயிரம் அடிக்கு மேலான நமது குளிரிலே, யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் உக்குகிற வேகத்தில் இங்கே ஒன்றும் உக்காது. இரண்டு மாதத்திலே பசளை என்று புத்தகத்தில் படித்துவிட்டுக் குழியைத் திறந்து பார்த்து மனம் சோர்ந்தவர்கள் உண்டு. மழை நீர் இறங்காதபடி மேலே ஒரு தகரம் வேண்டும். ஈரமான சமையற் கழிவு ஒரு பங்கானால் காய்ந்த சவுக்கு இலையும் தூளும் இரண்டு மூன்று பங்கு வேண்டும். உள்ளே காற்றுப் போக வாரத்துக்கொரு தடவை முள்ளினால் கிளறி விட வேண்டும். முள்ளுக் குத்துவதை உங்கள் தகப்பன்மாருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. கொஞ்சம் மாட்டுச் சாணம் கிடைத்தால் காரியம் துரிதப்படும். ஐயம் இருந்தால், 1925இல் நிறுவப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம் சென் கூம்ஸ் தோட்டத்திலே, உங்களுக்கு எட்டிய தூரத்தில் இருக்கிறது. மண்ணையும் உக்கலையும் ஆராய்வதே தொழிலாய்க் கொண்ட அறிஞர்கள் அங்கே உள்ளார்கள். பசளைக் குழி ஒன்றைப் பற்றி அதிபர் மூலமாக ஒரு கடிதம் எழுதிக் கேட்பதிலே கூச்சம் வேண்டாம்.

பெரியவர்களிடம் கேட்கவேண்டியவற்றைக் கேளுங்கள் என்று சொல்லவே இவ்வளவும் எழுதினேன். 2023 அக்டோபர் முதலாக யோகட் கரண்டியும் ஸ்ட்ரோவும் இடியப்பத் தட்டும் கூடாது என்று சட்டம் சொல்லுகிறது. கரண்டி போயிற்று, கோப்பை நிற்கிறது, அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பு செய்தவனுக்கு உண்டா என்று கேட்கலாம். 2018 திருத்தத்தின்படி எங்கள் லயத்துக்கு வண்டி எப்போது வரும் என்று சபைக்குக் கணக்கோடு எழுதலாம். நிறுக்கும் தராசை மாதத்தில் ஒரு நாள் இரவல் தருவீர்களா என்று தோட்டத்து ஐயாவைக் கேட்கலாம். நீங்கள் குப்பை அள்ளுவதைக் காட்டி, 'பார்த்தீர்களா, பிள்ளைகளே செய்துவிடுகிறார்கள், வண்டி எதற்கு?' என்று சபையோ நிர்வாகமோ கைகழுவுமானால், அன்றே உங்கள் சாக்கைச் சுருட்டி வைத்துவிட்டுக் கணக்குக் கொப்பியை மட்டும் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் மேசைமேல் வையுங்கள். பாடசாலையின் குப்பை உங்களுடையது. ஊரின் குப்பை உங்களுடையது அன்று.

நடைமுறைக் காரியம் ஒன்று இருக்கிறது. மலையகப் பாடசாலைகளிலே நல்ல முயற்சிகள் அநேகமாய் ஓர் ஆசிரியரோடு பிறந்து, அவருடைய இடமாற்றக் கடிதத்தோடு மரிக்கின்றன. ஊக்கமுள்ள சேரோ டீச்சரோ வேறு வலயத்துக்குப் போனதும், தொட்டிகள் ஆய்வுகூடத்துக்குப் பின்னால் கவிழ்ந்து கிடக்கும். சாதாரண தரப் பரீட்சைக்கு உட்காருகிற அண்ணன் அக்காமாருக்கும் நேரம் இராது. ஆகவே இவ்வாண்டு முடிவதற்குள் தரம் எட்டிலிருந்து மூன்று பேரைத் தெரிந்தெடுத்து, கொப்பியையும், அறைச் சாவியையும், போத்தல் வாங்குகிறவருடைய தொலைபேசி இலக்கத்தையும், அவர் தரவேண்டிய பாக்கி எவ்வளவு என்பதையும் எழுத்திலே ஒப்படையுங்கள். அதிபருடைய கையொப்பத்தையும் அதிலே வாங்கிக்கொள்ளுங்கள். புதிய அதிபர் வந்தால் முதல் வாரத்திலேயே அவரிடமும் காட்டுங்கள். பாக்கியை வசூலிப்பதிலே தரம் எட்டுப் பிள்ளைகள் பெரியவர்களைவிடக் கெட்டிக்காரர்கள் என்பது என் அனுபவம்.

இங்ஙனம்,
உங்கள் நலம் விரும்பும்
பழைய ஆசிரியன்,
லிந்துலை.